தூண்டில் பெர்மிட் காசில் ஆறு பிழைக்குமா? காவிரியை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவானி, ஈரோடு, தர்மபுரி பக்கம் ஆற்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்த விஷயமும் கூடவே வந்துவிடுகிறது. வெளியூர்த் தூண்டில்காரர்களிடம் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் ஆற்றைப் பராமரிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உடனே நாலு பேர் சந்தேகம் கேட்பார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

1. மீன் பிடிக்கக் காசு வாங்குனா ஆறு எப்படிங்க நல்லாகும்?

பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒரு பெரிய மீனைக் கையில் ஏந்தி ஒரு படம் எடுத்துக்கொள்ள, விமானம் ஏறிக்கூட வருவார்கள். அவர்களிடம் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பெர்மிட் கட்டணம் வாங்கலாம். தங்க இடம், சாப்பாடு, பரிசல், வழிகாட்டி என்று ஊருக்கு வேறு வரும்படியும் உண்டு. அந்தப் பணத்தில் காவலாள் வைக்கலாம், கரையில் மரம் வளர்க்கலாம், தடுப்பணையில் மீன் ஏறிப்போக வழி அமைக்கலாம்.

இதில் பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மீன் இருந்தால்தான் பிழைப்பு என்று நினைக்கிற பத்துப் பேர் தினமும் ஆற்றங்கரையில் நிற்பார்கள். ராத்திரி யாராவது மீனைக் கொல்ல ஆற்றில் வெடித்தோட்டா வீசினாலும் வண்டி இறக்கி மணல் அள்ளினாலும் அவர்கள் காதில் விழாமல் போகாது.

2. இது நம்ம பக்கம் நடந்திருக்கா, இல்ல வெளிநாட்டுக் கதையா?

நம் காவிரியிலேயே நடந்தது. சிவனசமுத்திரத்துக்குக் கீழே இறங்கி, மேக்கேதாட்டு வழியாக ஒகேனக்கல் வந்து சேரும்வரை ஆறு பாறைக்காட்டுக்குள் ஓடுகிறது. அந்தக் கர்நாடகப் பகுதியில் பீமேஸ்வரி, தொட்டமக்களி, கலிபோரே என்று மூன்று இடங்களில் தூண்டில் முகாம்கள் இருந்தன. பெங்களூரில் 1972ல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு நீளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் வைத்தது. அப்புறம் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனமும் முகாம்கள் நடத்தியது. 1977 வாக்கில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிறு குழு இங்கே பெரிய மீன்களைப் பிடித்து, இந்த ஆற்றில் மஹ்சீர் என்ற பெரிய மீன் இன்னும் இருக்கிறது என்று வெளியே சொன்ன பிறகுதான் உலகத் தூண்டில்காரர்களின் பார்வை திரும்பியது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அந்த முகாம்களில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் யார் என்பது. முன்பு அதே ஆற்றில் வெடி வைத்தும் திருட்டு வலை போட்டும் மீன் பிடித்தவர்களில் சிலர் வழிகாட்டிகளாக மாறினார்கள். எந்த மடுவில் எந்த மாதம் மீன் கிடக்கும் என்று அவர்களுக்கு இருந்த அறிவு எந்த அதிகாரிக்கும் கிடையாது. கேழ்வரகு மாவைக் களியாகக் கிண்டி உருண்டை பிடித்து முள்ளில் கோர்ப்பார்கள். பரிசலில் ஏறி, தங்கூசி (தூண்டில் நரம்பு) இழுக்கும் திசையிலேயே பாறைகளுக்கு நடுவே மீனின் பின்னால் போவார்கள். பிடித்த மீனை எடை பார்த்து, படம் எடுத்து, திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும். அதுதான் விதி.

3. மஹ்சீர்னா என்ன மீன்? நாங்க கேள்விப்பட்டதே இல்லையே.

கெண்டைக் குடும்பத்து மீன்தான். ஆனால் பிரம்மாண்டமாக வளரும். பெரிய செதில், தடித்த உதடு, பாறை நடுவே சீறும் தண்ணீரையும் எதிர்த்து நீந்தும் பலம். கரையோர அத்திப்பழம் உதிர்ந்தாலும் தின்னும், நண்டு கிடைத்தாலும் தின்னும். 1946ல் கபினி ஆற்றில் மைசூர்க்காரர் வான் இங்கன் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. தூண்டில் உலகில் இன்றும் அந்த எடையைச் சொல்லி வியப்பார்கள்.

காவிரிக்கே உரியது முதுகில் திமில் போல எழும்பிய வகை. துடுப்பு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நூற்றைம்பது வருஷமாகத் தூண்டில்காரர்கள் பேசிவந்த இந்த மீனுக்கு 2018ல்தான் சரியான அறிவியல் பெயர் பொருத்தப்பட்டது: டோர் ரெமாதேவி. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மீனியல் அறிஞர் கே. ரெமாதேவியின் பெயர் அது. முதலில் இந்தப் பெயர் சூட்டப்பட்ட மீன்கள் கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்தவை. பாம்பாறு நம் அமராவதியில் சேர்கிறது, அமராவதி கரூர் அருகே காவிரியில் சேர்கிறது. பெயர் கிடைத்த அதே 2018ல், அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்களின் உலகப் பட்டியலில், அற்றுப்போவதற்கு முந்தைய கடைசிப் படியில் இது வைக்கப்பட்டது. நம் மோயாற்றில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதுதான் ஒரே ஆறுதல்.

4. பிடிச்ச மீனைத் திரும்ப விட்டா அது பிழைக்குமா? காயம் ஆயிருக்குமே.

சரியாக விட்டால் பெரும்பாலும் பிழைக்கும். காவிரியில் இப்போது இருக்கும் இன்னொரு வகையான நீலத்துடுப்பு மஹ்சீரை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். இறப்பு மிகக் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் நெடுநேரம் இழுத்துப் போராட வைத்த மீன் அதிகமாகக் களைத்துப் போனது. அதனால் வலுவான கம்பும் தடித்த தங்கூசியும் வைத்துச் சீக்கிரம் கரை சேர்க்க வேண்டும். முள்ளின் பின்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும், அப்போதுதான் வாயைக் கிழிக்காமல் கழற்றலாம். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் படம் எடுத்து, தலை நீரோட்டத்தைப் பார்க்கப் பிடித்து, அதுவாக வாலை அடித்துக் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆறு வற்றித் தண்ணீர் சுடும்போது தூண்டிலே போடக் கூடாது. முட்டையிடப் புதுவெள்ளத்தில் மேலேறும் மழைமாதங்களிலும் கூடாது. இதைச் சொல்லாமல் பெர்மிட் மட்டும் கொடுக்கிற இடத்துக்கு நான் ஆதரவு தர மாட்டேன்.

5. சாப்பிடவும் இல்ல, விற்கவும் இல்ல. சும்மா வாயில முள்ளைக் குத்தி விளையாடுறது பாவம் இல்லையா?

இந்தக் கேள்வியை ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. மீனுக்கு அது துன்பம்தான், இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் ஒரு தோட்டா வெடித்தால் அந்த மடுவில் இருக்கிற பெரிய மீன், குஞ்சு, முட்டை எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். மேலே மிதப்பதைத்தான் அள்ளுவார்கள், அடியில் போனது அழுகும். காவல் இல்லாத ஆற்றில் இதுதான் நடக்கிறது. இந்த இரண்டில் எது குறைந்த துன்பம் என்று பார்த்துத்தான் நான் தூண்டில் பக்கம் நிற்கிறேன்.

மனசு ஒப்பவில்லை என்றால் வேறு வழியும் நம் மரபில் இருக்கிறது. துங்கா நதியில் சிருங்கேரி, காவிரியிலேயே ஹாசன் மாவட்டத்து இராமநாதபுரம் போன்ற கோயில் படித்துறைகளில் மஹ்சீர்களை யாரும் தொடுவதில்லை. பொரி போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு பைசா பெர்மிட் இல்லாமல் அங்கே மீன் வாழ்கிறது. ஆனால் அந்தக் காவல் படித்துறையோடு முடிகிறது. காட்டுக்குள் ஓடுகிற பல கிலோமீட்டருக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

6. அவ்வளவு நல்லா நடந்துச்சுன்னா முகாம்களை ஏன் மூடுனாங்க?

சட்டம். அந்த ஆற்றுப்பகுதி 1987ல் காவிரி வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் உயிரோடு பிடிப்பதும் அடங்கும். திரும்ப விட்டாலும் பிடித்தது பிடித்ததுதான் என்ற வாதம் வலுத்தது. 2010க்குப் பிறகு ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டு, 2012 வாக்கில் அந்த நீளத்தில் தூண்டிலே இல்லாமல் போனது. முகாம்கள் இன்று பரிசல் சவாரி, பறவை பார்ப்பது என்று நடக்கின்றன.

மூடியது சரியா என்று கேட்டால், சட்டத்தின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். சரணாலயத்தில் ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் அடுத்தவர் துப்பாக்கியோடு வருவார் என்ற பயம் நியாயமானது. ஆனால் தூண்டிலோடு சேர்த்து இரண்டு விஷயங்கள் நின்றன. ஒன்று, தனியார் சம்பளத்தில் இருந்த ஆற்றுக்காவல். இன்னொன்று, தினசரிப் பதிவேடு. இரண்டாவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது அடுத்த பதிலைப் படித்தால் புரியும்.

7. முகாம் நடந்தப்பவே திமில் மஹ்சீர் அழிஞ்சு போச்சுன்னு படிச்சேன். அப்ப இந்தத் திட்டமே தோல்விதானே?

இருப்பதிலேயே முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கலிபோரே முகாமில் யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன எடையில் என்ன பிடித்தார் என்று எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரை 7 கிலோமீட்டர் நீளத்தில் 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மஹ்சீர்கள். ஆய்வாளர்கள் பிற்பாடு இந்த நோட்டுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்த மீன்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் கூடியிருந்தது. காவல் வேலை செய்தது என்பதற்கு அது சாட்சி. ஆனால் மீனின் சராசரி எடை குறைந்துகொண்டே வந்திருந்தது. பிரித்துப் பார்த்தபோது, பெருகியது முழுக்க நீலத்துடுப்பு மஹ்சீர். அது காவிரி மீனே கிடையாது. மகாராஷ்டிரத்தில் லோனாவாலா பொரிப்பகத்தில் பெருமளவில் வளர்த்த குஞ்சுகளை, ஆற்றுக்கு நல்லது என்று நம்பி 1970களுக்குப் பிறகு இங்கே கொண்டுவந்து விட்டார்கள். காவிரியின் சொந்த மீனான ஆரஞ்சுத் துடுப்புத் திமில் மஹ்சீர் அதே வருஷங்களில் கிட்டத்தட்ட காணாமல் போயிருந்தது.

பெர்மிட் கொடுத்தவர்கள், பிடித்தவர்கள், காவல் நின்றவர்கள் யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லாவற்றையும் 'மஹ்சீர்' என்று ஒரே பெயரில் எண்ணியதால், எண்ணிக்கை கூடுகிறது என்ற சந்தோஷத்துக்கு உள்ளேயே ஒரு இனம் கரைந்து போனது. திட்டம் தோல்வியா என்றால், காவல் என்ற பாதியில் அது வென்றது, எந்த மீனுக்காகக் காவல் என்ற பாதியில் தவறியது. அந்தத் தவறைக் கண்டுபிடிக்கக்கூட அதே முகாமின் நோட்டுதான் உதவியது. சரணாலயத்தில் தூண்டில் நின்ற பிறகு அப்படியொரு நோட்டு அந்த நீளத்தில் இல்லை.

8. சரி, அந்தத் திமில் மீன் குஞ்சையே வாங்கி விட்டுட்டா போதுமே. எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும்?

மேலே சொன்ன கதையே பதில். எந்தக் குஞ்சு, எந்த ஆற்று மீனின் வாரிசு என்று தெரியாமல் விட்டதில்தான் இந்த நிலை வந்தது. நீலகிரியிலும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1879லேயே அங்கே வேட்டைக்கும் மீனுக்கும் தனிச் சட்டம் வந்துவிட்டது. 1907ல் அவலாஞ்சியில் ட்ரவுட் பொரிப்பகம் வந்தது. ட்ரவுட் முழுக்க வெளிநாட்டு மீன். தூண்டில்காரருக்குப் பிடித்த மீனை ஆற்றில் விட்டு வளர்த்தார்கள். ஆற்றின் சொந்த மீனுக்கு என்ன ஆகும் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை.

தூண்டில்காரர் காசு கொடுக்கிறார் என்பதற்காக அவர் ஆசைப்படுகிற மீனை ஆற்றுக்குள் விடக் கூடாது. பெர்மிட் திட்டம் எதிலும் இதை முதல் விதியாக எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

9. வருஷத்துக்கு எவ்வளவு தேறும்? கணக்குப் போட்டுக் காட்டுங்க.

ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 6 தூண்டில், ஒரு தூண்டிலுக்கு 2,000 ரூபாய், வருஷத்தில் 120 நாள். மொத்தம் 14,40,000 ரூபாய். மாதம் 12,000 சம்பளத்தில் 8 காவலர் வைத்தால் 11,52,000 போய்விடும். மிச்சம் 2,88,000. ரோந்துக்கு டீசல், பரிசல் பழுது, டார்ச், மழைச்சட்டை என்று எடுத்தால் அதுவும் கரையும். பெர்மிட் காசில் காவல் நிற்கும், அதற்கு மேல் பெரிதாக எதுவும் நடக்காது.

கரையில் நீர்மருதும் புங்கனும் நட்டு ஆடு மாடு கடிக்காமல் மூன்று வருஷம் காப்பது, பழைய தடுப்பணையில் மீன் ஏறப் படி கட்டுவது எல்லாம் வேண்டுமென்றால், தங்கும் வாடகையிலும் சாப்பாட்டிலும் ஒரு பங்கு ஆற்றுக்கு என்று ஒதுக்க வேண்டும். பெர்மிட்டை மட்டும் நம்பித் திட்டம் போட்டவர்கள் இரண்டாம் வருஷத்திலேயே திணறுவார்கள்.

10. அந்தக் காசு கடைசியில கஜானாவுக்குத்தானே போகும்? ஆத்துக்கு எங்க வரப்போகுது?

பலரும் மனசுக்குள் வைத்திருக்கிற சந்தேகம் இது. இதைச் சட்டத்தில் பூட்டிவைத்த நாடுகள் உண்டு. அமெரிக்காவில் 1950ல் ஒரு சட்டம் வந்தது. தூண்டில் கம்பு, ரீல் போன்றவற்றைத் தயாரிப்பவர் கட்டும் வரியை மீன்வளத்துக்கென்று ஒதுக்கி மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. தூண்டில் உரிமக் கட்டணத்தை மீன்துறைக்கு வெளியே திருப்பமாட்டோம் என்று மாநிலம் சட்டம் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மத்தியப் பங்கு கிடைக்காது. அயர்லாந்தில் 2007ல் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் மீனைக் கடலிலேயே மறித்துப் பிடிக்கும் வலைகளை நிறுத்தியபோது, உரிமக் கட்டணத்தில் பாதியை ஆறுகளைச் சீரமைக்கும் தனி நிதிக்கு மாற்றினார்கள். அங்கே எந்த ஆற்றில் போதுமான மீன் திரும்பி வருகிறதோ அதில்தான் பிடித்துக்கொண்டு போகலாம், குறைந்த ஆற்றில் விட்டுவிட வேண்டும், இன்னும் குறைந்தால் ஆறே மூடப்படும்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இருக்கிறது. 2006ல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு புலிகள் காப்பகங்களுக்குத் தனி அறக்கட்டளை உண்டு. முதுமலையில் சுற்றுலாக்காரர் கட்டும் கட்டணம் அந்த வழியாகக் காப்பகத்துக்கே செலவாக முடியும். ஆற்றுக்கும் அதே மாதிரி ஒரு அறக்கட்டளை வேண்டும். வரவு செலவு ஊராட்சி அலுவலகச் சுவரில் மாதாமாதம் எழுதி ஒட்டப்பட வேண்டும். அது இல்லாமல் பெர்மிட் புத்தகம் அச்சடிக்கவே கூடாது.

11. வலை போட்டுப் பிழைக்கிறவங்க என்ன ஆவாங்க? பணக்காரன் விளையாட எங்களை விரட்டுவீங்களா?

ஒகேனக்கலில் மீன் வறுத்து விற்கும் அக்கா ஒருவர் கேட்டது இது. அங்கே பரிசல், மீன் வறுவல், எண்ணெய்த் தேய்ப்பு எல்லாமே ஆற்றை நம்பித்தான். அவர்களை ஒதுக்கிவிட்டுப் போடும் திட்டம் ஒரு வருஷம்கூடத் தாங்காது. தாங்கவும் கூடாது.

ஐஸ்லாந்தில் 1932லிருந்து கடலில் சால்மன் பிடிக்கத் தடை. ஆற்றங்கரை நிலக்காரர்கள் எல்லோரும் அந்த ஆற்றுக்கான சங்கத்தில் சேர்ந்தாக வேண்டும். தூண்டில் குத்தகைப் பணத்தைச் சங்கம் பங்கு போட்டுக் கொடுக்கிறது. மீன் ஏறும் படிகளையும் சங்கங்களே கட்டியிருக்கின்றன. அங்கே உரிமை நிலத்தோடு வருகிறது. நம் ஊரில் ஆற்றங்கரையில் நிலமே இல்லாத குடும்பங்கள்தான் காலகாலமாக மீன் பிடிக்கின்றன. அதனால் பங்கு நிலத்துக்குப் போகாமல், மீன்பிடிக் குடும்பங்களுக்குப் போகும்படி எழுத வேண்டும்.

உத்தரகாண்டில் கார்பெட் காப்பகத்துக்கு வெளியே மேற்கு ராம்கங்கையில் தூண்டில் பயணிகள் வந்த கிராமங்களில், செத்த மஹ்சீரை ஒரு தடவை விற்பதை விட உயிரோடு இருக்கும் மஹ்சீர் திரும்பத் திரும்பச் சம்பாதித்துக் கொடுக்கும் என்று மக்களே கண்டுகொண்டார்கள். வழிகாட்டி, பரிசல், சமையல், காவல் வேலைகள் முதலில் வலைக்காரர் வீட்டுக்கு. ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பிடிக்க வலைக்குத் தடையே தேவையில்லை, அந்த வெளிமீன்கள் குறைந்தால் ஆற்றுக்கு நல்லதுதான். குறிப்பிட்ட மடுக்களில், குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் வலை வேண்டாம் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம்.

12. கூட்டம் கூடி பிளாஸ்டிக்கும் பாட்டிலுமா ஆயிடாதா?

எண்ணிக்கையைக் கட்டினால் ஆகாது. ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு ஒரு நாளைக்கு இத்தனை தூண்டில் என்று கொடுக்கிற முறை காஷ்மீர் ட்ரவுட் ஆறுகளில் நெடுநாளாக இருக்கிறது. 9ஆம் கேள்வியில் நான் 6 தூண்டில் என்று வைத்ததற்கு அதுதான் காரணம். காசு பற்றவில்லை என்று 60 ஆக்கினால் எல்லாம் கெட்டுவிடும்.

13. சாயக்கழிவு வருது, மணல் போகுது, அணை கட்டுறாங்க. இதுக்கெல்லாம் தூண்டில் காசு என்ன பண்ணும்?

நேரடியாக ஒன்றும் பண்ணாது. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை எடுத்து ஆற்றை மீட்ட வேலைக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 32 கோடி டாலர். எந்தப் பெர்மிட்டாலும் அது முடியாது. இங்கே மேக்கேதாட்டுவில் 67 டி.எம்.சி. அளவில் அணை வந்தால், 2ஆம் கேள்வியில் சொன்ன பாறையாறு பெருமளவு தேங்கிய நீருக்குள் போகும். ஓடும் தண்ணீரில் வாழும் மீனுக்கு அதன் பிறகு அங்கே வேலை இல்லை. தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றித்தான் இரண்டு மாநிலத்திலும் பேசுகிறோம். அந்த மீனைப் பற்றி இரண்டு பக்கமும் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு ஆற்ற முடியாத வருத்தம்.

ஆனால் கழிவு விஷயத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. இங்கிலாந்தில் டெர்பி நகரத்துத் தூண்டில் சங்கம் ஒன்று, ஆற்றில் கழிவுவிட்ட நகராட்சி, மின்வாரியம், செல்லுலோஸ் தொழிற்சாலை மூன்றின் மீதும் வழக்குப் போட்டது. 1950களின் தொடக்கத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்று தடை ஆணை கொடுத்தது. மீன்பிடி உரிமைக்குச் சங்கம் பணம் கொடுத்திருந்தது. அதனால் 'எங்களுக்கு இதில் நஷ்டம்' என்று நீதிமன்றத்தில் சொல்ல அதற்கு இடம் இருந்தது. ஆற்றின் மீது எழுத்தில் உரிமை உள்ள ஒருவர் இருந்தால் கழிவு விடுகிறவனைக் கேள்வி கேட்பது எளிது. நொய்யலையும் காலிங்கராயன் வாய்க்காலையும் நினைத்துப் பாருங்கள்.

14. நான் தூண்டில்காரன். தமிழ்நாட்டுக் காவிரியில இப்ப பெர்மிட் எங்க கிடைக்கும்?

காட்டுப்பகுதிக் காவிரிக்குக் கிடைக்காது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கர்நாடகச் சரணாலயத்தை ஒட்டியே இருக்கிறது. 6ஆம் பதிலில் சொன்ன சட்டம் இங்கேயும் பொருந்தும். முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களில் ஓடும் மோயாறும் அப்படியே. அங்கே யாராவது 'ஏற்பாடு பண்றேன்' என்றால் போகாதீர்கள். மிச்சமிருக்கும் திமில் மஹ்சீர் அங்கேதான் இருக்கிறது.

சட்டப்படி தூண்டில் போட ஆசைப்பட்டால், இமாச்சலத்திலும் ஜம்மு காஷ்மீரிலும் மீன்வளத் துறையே உரிமம் கொடுக்கிறது.

15. அப்ப சரணாலயத்துக்கு வெளியில, எங்க ஊராட்சிப் பகுதியில ஆரம்பிக்கணும்னா முதல்ல என்ன செய்யணும்?

முதல் வருஷம் ஒரு பெர்மிட்டும் விற்காதீர்கள். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். உங்கள் ஊரில் வலை போடுகிற ஐந்தாறு பேரிடம் பேசி, தினமும் என்ன கிடைத்தது என்று எழுதச் சொல்லுங்கள். தேதி, மடுவின் பெயர், எத்தனை மணி நேரம், என்ன மீன், எத்தனை, எவ்வளவு நீளம். எழுதத் தெரியாதவர் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதட்டும். ஊர்ப்பெயரிலேயே எழுதுங்கள், அறிவியல் பெயரை அப்புறம் பொருத்திக்கொள்ளலாம். மீன்வளத் துறை, வனத்துறை, நீர்வளத் துறை மூன்றில் யாருக்கு உங்கள் ஆற்றின் எந்த நீளத்தில் அதிகாரம் என்பதையும் அந்த வருஷத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மஹ்சீர் மாதிரி ஏதாவது வலையில் பட்டால் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் துடுப்பு விரிந்து தெரியும்படி போனில் ஒரு படம் எடுங்கள். துடுப்பு நீலமா ஆரஞ்சா என்பது படத்தில் தெரிய வேண்டும். நோட்டில் அதற்கென்று தனிக் கட்டம் போட்டு வையுங்கள்.